எங்கட ஊருக்குச் சரிவாற புதுத் தொழில்நுட்பத்தை எங்க தேடுறது?

குளத்தடி (ஒட்டுசுட்டான்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்னக் குளத்தின்ர கமக்காரர் அமைப்புக்கு இந்தமுறை என்னைச் செயலாளராப் போட்டிருக்கினம். குளத்துக்குக் கீழ 80 ஏக்கருக்குக் கிட்ட வயல். காலபோகம் முழுக்கச் செய்வம். சிறுபோகம் குளத்தில நிக்கிற தண்ணியைப் பாத்துப் பங்கு போடுறது.

எங்களுக்கு ரெண்டு தலையிடி. ஒண்டு யானை. கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் பிறகு இரவு முழுக்கக் காவல்தான். மற்றது களைநெல், பாக்க நெல் மாதிரியே இருக்கிற களை. நாங்கள் அறுவடை மெசின் இறக்க முன்னமே அது உதிர்ந்துபோடும், அடுத்த போகத்துக்கு அதுவே விதையாக் கிடக்கும்.

இளம் பெடியள் வட்ஸ்அப் குழுவில ஒவ்வொரு நாளும் வீடியோ போடுறாங்கள். ட்ரோனால மருந்தடிக்கிறது, யானைக்குத் தேனீ வேலி, சோலர் பம்ப், தமிழ்நாட்டில ஆரோ செய்த களை எடுக்கிற மெசின். வயசுபோன ஆக்கள் "உதெல்லாம் எங்கட மண்ணுக்குச் சரிவராது" எண்டு சொல்லி அதோட முடிக்கினம். அவையில பிழை சொல்லவும் ஏலாது. மீள்குடியேறின நேரம் ஒரு நிறுவனம் சொட்டு நீர்ப்பாசனச் செற் கொஞ்சம் தந்தது. வடிகட்டி அடைச்சுப்போக, மாத்துறதுக்குச் சாமான் எங்க வாங்கிறதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல. குழாய் எல்லாம் களஞ்சியத்தில சுருட்டினபடி கிடக்கு.

எங்களைப் போல ஒரு சின்ன ஊர், வெளியில என்னென்ன வந்திருக்கெண்டு எங்க தேடுறது? தேடிப் பிடிச்சாலும் எது எங்களுக்குச் சரிவரும் எண்டு எப்பிடி முடிவெடுக்கிறது? அடுத்த கூட்டத்தில இதைக் கதைக்க வேணும். அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

---

நெடுங்கேணி வயல்காரன் எழுதியது:

தம்பி, நான் நெடுங்கேணிப் பக்கம். யானைத் தொல்லை எங்களுக்கும் குறைவில்லை. அதால யானையை வைச்சே சொல்லுறன்.

தேடுறதை வீடியோவில தொடங்காதேங்கோ. உங்கட தொல்லை வேற எந்த ஊருக்கு இருக்கு, அங்க என்ன செய்யினம் எண்டு தொடங்குங்கோ. குளமும் வயலும் யானையும் சேந்திருக்கிற ஊர் வன்னியில மட்டும் இல்லை. குருநாகல் மாவட்டத்தில கல்கமுவப் பக்கம் போனால் எங்கட ஊர்மாதிரியே சின்னச் சின்னக் குளங்கள், கீழ வயல், சுத்திவரப் பத்தைக்காடு. யானைகளைக் கனகாலமா ஆய்வு செய்யிற பிரித்திவிராஜ் பெர்னாண்டோவின்ர குழு, அங்கத்தைக் கமக்காரரோட சேந்து ஒரு முறையைச் செய்து பாத்தது. போகத்துக்கு மட்டும் போடுற மின்வேலி. பயிர் வைக்கேக்க வயலைச் சுத்திப் போடுறது, அறுவடை முடியக் கழட்டிச் சுருட்டி வைக்கிறது.

மின்வேலி நாடு முழுக்க இருக்குத்தானே, இதில என்ன புதுசு எண்டு எங்கட கூட்டத்திலயும் கேட்டவை. முந்திப் போட்ட வேலியில கனக்க, நிர்வாக எல்லையைப் பாத்துக் காட்டுக்குள்ளால இழுத்தது. உள்ளுக்கும் யானை, வெளியிலயும் யானை. பராமரிக்கப் பக்கத்தில ஆளும் இல்லை. போகவேலி வயலோட நிக்குது. தண்ணி கட்டப் போறவன்ர கண்ணில அது ஒவ்வொரு நாளும் படும். அறுவடை முடிஞ்சா யானை வந்து வைக்கோலையும் அடித்தாளையும் தின்னட்டும், ஆரும் மறிக்கேல்ல. வருசம் முழுக்கக் கம்பி ஒரே இடத்தில நிண்டால், எந்தக் கட்டையைத் தள்ளினால் விழும் எண்டு அது படிச்சுப்போடும். 2020இல தயாரிச்ச மனித–யானை மோதல் பற்றின தேசியச் செயற்திட்டத்திலயும் இந்த முறையைச் சேத்திருக்கு. அந்தத் திட்டத்தைத் தயாரிச்ச குழுவுக்குத் தலைவரும் பெர்னாண்டோதான்.

எங்கட ஆக்கள் வான் பிடிச்சுக் கல்கமுவப் பக்கம் போய்ப் பாத்தவை. சிங்களம் நல்லாத் தெரிஞ்ச ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போனம். கம்பியையும் கட்டையையும் பாக்கக் கொஞ்ச நேரம் போதும். மிச்ச நேரம் முழுக்க அவையின்ர கொப்பியைத்தான் பாத்தம். எந்தப் பக்கத்துக்கு ஆர் பொறுப்பு, பின்னேரம் சுவிச் போடுறது ஆர், காலமை மீற்றர் என்ன காட்டினது, புல்லு வெட்டாதவருக்குத் தண்டம் எவ்வளவு எண்டு எல்லாம் அதில எழுதியிருந்தது. அந்தக் கொப்பி இல்லாட்டி அந்த வேலி ஒரு போகமும் தாங்காது. விக்கிற கொம்பனி இதைச் சொல்லித்தராது. வயலில வைச்சுப் பாவிக்கிறவனிட்ட "என்ன பழுதானது, அப்ப என்ன செய்தனீங்கள்?" எண்டு கேக்க வேணும். நல்லா ஓடுதோ எண்டு கேட்டால் எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம்.

எங்கட வேலி இப்பிடி. ஒரு சோலர் தகடு, 12 வோல்ற் பற்றறி, எனர்ஜைசர் பெட்டி. பெட்டி கிட்டத்தட்ட ஒரு செக்கனுக்கு ஒருக்கா ஒரு அடி அனுப்பும். வோல்ற் ஆயிரக்கணக்கில போனாலும் அந்த அடி நிக்கிற நேரம் மிகக் குறைவு, அதால உயிராபத்து வராது. யானை உதறிக்கொண்டு திரும்பும். வீட்டுக் கரண்டை நேராக் கம்பிக்குக் குடுக்கிற ஆக்கள் இருக்கினம். அது யானையையும் கொல்லும், ஆளையும் கொல்லும், சட்டப்படி குற்றமும். கூட்டத்தில இதை முதல் சொல்லிப்போட்டு மிச்சத்தைக் கதையுங்கோ.

பழுது வாறது ரெண்டு வழியில. ஒண்டு புல்லு. மார்கழி மழைக்கு எழும்பின புல்லு கம்பியில முட்டினால் கரண்ட் அதுவழியா மண்ணுக்கு இறங்கிப்போகும். இரவில வேலியோரம் நடந்தால் முட்டுற இடத்தில "டக், டக்" எண்டு கேக்கும், நீலமாப் பொறி பறக்கிறதும் தெரியும். அதில ஒரு துணி கட்டிவிட்டு வந்து, விடியச் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுக் கத்தியோட போறது. மற்றது எர்த், பெட்டியில இருந்து மண்ணுக்குள்ள இறக்கிற கம்பி. சிறுபோகத்தில மண் காஞ்சால் எர்த் பிடிக்காது, அடி குறைஞ்சிடும். எர்த் கம்பியை வாய்க்கால் ஓரம் ஈரமான இடத்தில ஆழ இறக்கினபிறகுதான் எங்களுக்குச் சரிவந்தது. கட்டைக்குப் பச்சைக் கதியால் நட்டிடாதேங்கோ, துளிர்த்து இலை கம்பியில முட்டும்.

உங்கட சொட்டு நீர்க் குழாய்க் கதைக்கு ஒண்டு. லான்ட்மாஸ்டரைப் பாருங்கோ. 1950களில எங்கட நாட்டு எஞ்சினியர் ரே விஜேவர்த்தன வடிவமைச்ச ரெண்டு சில்லு உழவு மெசின் அது. வன்னியில அது காலூண்டினதுக்குக் காரணம், சந்திக்குச் சந்தி அதைத் திருத்துற ஆள் இருந்தது எண்டுதான் நான் நினைக்கிறன். எந்தச் சாமான் வந்தாலும் "பழுதானால் ஆர் திருத்துறது, பார்ட்ஸ் எந்தக் கடையில?" எண்டு முதல் கேளுங்கோ. புளியங்குளத்திலயோ வவுனியாவிலயோ வாங்கலாம் எண்டால் மிச்சத்தைக் கதைக்கலாம். கொழும்புக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேணும் எண்டால், ஊரில ஒரு பெடியனை முதல் பழக்கிப்போட்டுப் பிறகு வாங்குங்கோ.

களைநெல்லுக்கு நாங்கள் புதுசா ஒண்டும் செய்யேல்ல. செய்த ஆக்கள் சொல்லட்டும்.

---

அறிவியல்நகர் பழைய மாணவி எழுதியது:

வயல்கார ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், எங்கே கேட்பது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் தமிழில் கேட்கலாம். ஆனால் "புதிதாக என்ன இருக்கிறது" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "80 ஏக்கர், சின்னக் குளம், வீசி விதைக்கிறோம், களைநெல் கூட" என்று உங்கள் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் அடுத்த வயல் விழா (புது முறைகளை வயலிலேயே வைத்துக் காட்டும் நாள்) எங்கே என்று கேட்டு, அமைப்பிலிருந்து நாலைந்து பேராகப் போங்கள். கிளிநொச்சியில் பிராந்திய விவசாய ஆராய்ச்சி நிலையமும், அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடமும் இருக்கின்றன. இறுதி வருட மாணவர்களுக்கு ஆய்வுக்குத் தலைப்பும் வயலும் தேவைப்படும். ஓர் ஊர் தன் பிரச்சினையை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தால் கவனிக்கக்கூடிய ஆட்கள் அங்கே இருக்கிறார்கள்.

தேனீ வேலி பற்றி. அது கென்யாவில் லூசி கிங் என்ற ஆய்வாளர் பரப்பிய முறை. வயலைச் சுற்றித் தேன்கூடுகளைத் தொங்கவிட்டுக் கம்பியால் இணைப்பார்கள். யானை கம்பியில் முட்டினால் கூடுகள் ஆடும், தேனீ கிளம்பும். அங்கே நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அங்குள்ள ஆபிரிக்கத் தேனீ மூர்க்கமானது. எங்கள் பொந்துத் தேனீ சாது, பூ இல்லாத காலத்தில் கூட்டையே விட்டுப் போய்விடும். இலங்கையில் வஸ்கமுவப் பக்கம் இதைச் சோதித்திருக்கிறார்கள். தேனுக்காக வளருங்கள், நல்ல வருமானம். நெல்லைக் காக்க அதை மட்டும் நம்பாதீர்கள். வீடியோவில் வேலியும் யானையும் தெரியும், தேனீயின் இனம் தெரியாது.

உங்கள் ஊர் முதியவர்கள் தயங்குவதும் ஊருக்கு நல்லதுதான். 1943இல் ரயன், குறோஸ் என்ற இருவர், அமெரிக்காவின் அயோவாவில் கலப்பினச் சோள விதை எப்படிப் பரவியது என்று ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விதை பற்றிய செய்தியை அநேகமான விவசாயிகள் முதலில் விற்பனையாளரிடம்தான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் விதைக்கத் துணிந்தது அயலவன் சொன்ன பிறகு. அதிலும் முதலில் ஒரு சின்னத் துண்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கூட்டியிருக்கிறார்கள். அந்த ரயன் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். ஆகவே முதியவர் ஒருவரின் வயலிலேயே ஒரு மூலையைக் கேளுங்கள். அது விளைந்தால் நீங்கள் கூட்டத்தில் வாதாடத் தேவையில்லை.

---

குளத்தடி எழுதியது:

அண்ணை, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. கல்கமுவ எண்டு ஒரு இடம் இருக்கிறதே எனக்குத் தெரியாது. ஒரு சிக்கல் இருக்கு. எங்கட வயலில கனக்கக் காணிக்குச் சொந்தக்காரர் கனடாவில, லண்டனில. செய்யிறது குத்தகைக்காரர். வேலிக்குக் காசு எண்டால் "காணிக்காரனைக் கேளுங்கோ" எண்டுதான் சொல்லுவினம். இதை எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?

---

நெடுங்கேணி வயல்காரன் எழுதியது:

எங்களுக்கும் அதே பிரச்சினை. நாங்கள் ரெண்டாப் பிரிச்சம். பெட்டி, பற்றறி, தகடு, கம்பி இதெல்லாம் வருசக்கணக்கா நிக்கிற சாமான், அது காணிக்காரரின்ர பங்கு. வெளிநாட்டில இருக்கிறவைக்கு ஏக்கர் கணக்குப் போட்டு, படமும் பற்றுச்சீட்டும் அனுப்பிக் கேட்டம். அனேகம் பேர் அனுப்பினவை. புல்லு வெட்டுறது, காவல், சில்லறைத் திருத்தம் இதெல்லாம் அந்தப் போகம் செய்யிறவரின்ர பங்கு, காசில்லாட்டி உடம்பு வேலையா.

முக்கியம், இதைத் தனிக் கூட்டம் வைச்சுத் தீர்மானிக்காதேங்கோ. தண்ணி திறக்கிற நாள், விதைச்சு முடிக்கிற நாள், மாடு கட்டுற நாள் எல்லாம் முடிவெடுக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்திலயே வேலி போடுற நாளையும் தண்டத்தையும் சேத்து எழுதுவியுங்கோ. கமநல சேவை உத்தியோகத்தரும் இருப்பார், குத்தகைக்காரரும் வந்திருப்பினம். அங்க எழுதினதை ஒருத்தரும் லேசில மீறமாட்டினம்.

முழு 80 ஏக்கரையும் ஒரேயடியாச் சுத்தாதேங்கோ. காட்டுக்கரையில இருக்கிற ஒரு துண்டத்தை ஒரு போகம் செய்து பாருங்கோ.

---

துணுக்காய் மாதர் சங்கம் எழுதியது:

களைநெல்லுக்கு நான் சொல்லுறன் தம்பி. பரசூட் நாற்று. பிளாஸ்ரிக் தட்டில குழிகுழியா இருக்கும், அதில சேத்து மண்ணும் நெல்லும் போட்டு ரெண்டு கிழமைக்குக் கிட்ட வளத்து, நாற்றை மண்ணோட எடுத்து வயலில எறியிறது. மண் பாரமா இருக்கிறதால வேர் கீழ போய் நிமிந்து நிக்கும். நாற்று ஏற்கெனவே வளந்து நிக்கிறதால உடன தண்ணி கட்டலாம், தண்ணி நிண்டால் களைநெல் முளைக்கிறது குறையும். வீசி விதைக்க ஏக்கருக்கு 2 புசல் (40 கிலோவுக்குக் கிட்ட) போற இடத்தில இதுக்கு 12 கிலோ அளவு விதை போதும். ஆனா வயல் மட்டமா இருக்க வேணும். மேடு பள்ளம் எண்டால் பள்ளத்தில நாற்று மிதக்கும், மேட்டில களைநெல் வரும். மட்டப்படுத்தாமச் செய்து போட்டு முறையில குறை சொல்லாதேங்கோ.

எங்கட சங்கம் தட்டு வாங்கி வைச்சிருக்கு. வீட்டு முற்றத்தில நாற்றுப் போட்டுக் குடுக்கிறம், பொம்பிளையளுக்கு அது ஒரு வருமானம். நீங்கள் எழுதினதில கமக்காரர் அமைப்பும் வயசுபோன ஆக்களும் பெடியளும் இருக்கினம், பொம்பிளையள் ஒரு இடத்திலயும் இல்லை. களை பிடுங்கிறது ஆர் எண்டு யோசிச்சுப்போட்டு, அடுத்த கூட்டத்துக்கு அவையையும் கூப்பிடுங்கோ. ஆவணி முடிய முன்னம் எங்கட பக்கம் வந்தால் தட்டு, மண் கலவை, நாற்று எறியிற விதம் எல்லாம் காட்டித்தாறம். வரேக்க பொம்பிளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, நாற்றுப் போடப் போறது அவைதான்.