மண்ணுக்கடியில் விளைவதெல்லாம் சர்க்கரைக்கு ஆகாதா?

ஆத்தூர் மருமகள்:
என் மாமனாருக்குச் சர்க்கரை. "மண்ணுக்கடியில் விளைவது எதையும் தொடாதீர்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்கோ வீட்டைச் சுற்றிக் குச்சிக்கிழங்குக் (மரவள்ளிக்கிழங்கு) காடு. அவரும் அதைச் சாப்பிட்டே வளர்ந்தவர். இப்போது கேரட், பீட்ரூட் எதுவும் அடுப்படிக்குள் வருவதில்லை. முள்ளங்கி சாம்பார் வைத்ததற்கு அத்தையிடம் திட்டு வாங்கினேன். பதிலுக்குத் தினமும் வாழைத்தண்டு ஜூஸ், அதுவும் வடிகட்டி. கிழங்கிலும் தண்டிலும் அப்படி என்னதான் இருக்கிறது?

தோவாளைக்காரன்:
உங்கள் குச்சிக்கிழங்கு எங்களுக்கு மரச்சீனிக்கிழங்கு. எங்கள் தாத்தா அதுவும் மீன்கறியுமாகவே வாழ்ந்தார், சர்க்கரை எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் பொழுதன்றைக்கும் மண்வெட்டி பிடித்தவர். நான் அதே கிழங்கைத் தின்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்!

பத்தியச் சமையல்:
ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த டாக்டர் சொன்ன வரியை நானும் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். சொல்லச் சுலபம், அவ்வளவுதான். நிலக்கடலையும் மண்ணுக்கடியில்தான் காய்க்கிறது. 100 கிராமில் 25 கிராம் புரதம் இருக்கிறது. அதையும் ஒதுக்குவதா?

வேரா தண்டா என்று பார்த்தாலும் பிடி கிடைக்காது. உருளையும் சேனையும் மண்ணுக்குள் தடித்த தண்டுகள். கேரட், முள்ளங்கி, குச்சிக்கிழங்கு எல்லாம் வேர். செடி அதில் எதைச் சேர்த்துவைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. முள்ளங்கியில் 95 சதவீதம் தண்ணீர். 100 கிராமுக்கு கார்போஹைட்ரேட் 4 கிராம்கூட வராது. அதற்காகவா திட்டு வாங்கினீர்கள்? கேரட், பீட்ரூட் 10 கிராமை ஒட்டி இருக்கும், அதிலும் கிட்டத்தட்ட 3 கிராம் நார். உருளை 17, சர்க்கரைவள்ளி 20. உங்கள் குச்சிக்கிழங்கு மட்டும் தனி ரகம்: 38 கிராம். அதே எடைச் சோற்றில் 28தான். புரதமோ ஒன்றரை கிராம்கூடத் தேறாது. ஆக, அந்தக் கிழங்கைப் பொறுத்தவரை டாக்டர் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

வாழைத்தண்டில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். நமக்குப் பயன் அதன் நார். வடிகட்டினால் நார் குப்பைக்குப் போகிறது, டம்ளரில் மிச்சம் என்ன? பாசிப்பருப்பு போட்டுக் கூட்டாக வையுங்கள். அவருக்குச் சிறுநீரகக் கோளாறும் இருந்தால் தண்டில் உள்ள பொட்டாசியத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். தினசரி ஜூஸ் பற்றி டாக்டரிடம் முதலில் கேளுங்கள்.

ஒன்று கேட்கிறேன், வீட்டில் ஜவ்வரிசி உண்டா?

ஆத்தூர் மருமகள்:
உண்டே! கிழங்கை நிறுத்திய பிறகு வாரம் இரண்டு நாள் ஜவ்வரிசி உப்புமா. வயிற்றுக்கு லேசானது என்று அத்தை செய்கிறார்.

பத்தியச் சமையல்:
நினைத்தேன். உங்கள் ஊர் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவது அந்தக் குச்சிக்கிழங்குதானே? அங்கே நாரைப் பிரித்து, மாவை மட்டும் எடுத்து, மணியாக உருட்டி வறுக்கிறார்கள். காய்ந்த ஜவ்வரிசி 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் கார்போஹைட்ரேட்; புரதம் இல்லை என்றே சொல்லலாம். கிழங்கை வாசலில் தடுத்துவிட்டு அதன் மாவைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டிருக்கிறீர்கள். லேசானது என்றால் செரிக்கச் சுலபம், சர்க்கரை ஏறவும் சுலபம்.

தோவாளைக்காரன்:
அக்கா, அப்போ கிழங்கை அறவே விட்டுவிட வேண்டுமா? பெரியவர் பாவம்.

பத்தியச் சமையல்:
யார் விடச் சொன்னது தம்பி? எப்போதாவது இரண்டு துண்டு சாப்பிடட்டும், ஆனால் அந்த வேளைச் சோற்றுக்குப் பதிலாக. டீயோடு தனியாக வேண்டாம், நாட்டுச்சர்க்கரை தொட்டுக்கொள்ளவும் வேண்டாம். கூடவே பருப்போ மீனோ, ஒரு கை பொரியலோ இருக்கட்டும். தோலை நன்றாகச் சீவி, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சைக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது என்பது ஆத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து வீட்டு மெஷினில் சர்க்கரையைப் பார்த்து, டாக்டரிடம் காட்டுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் சோற்றை நீங்களாகக் குறைக்காமல், முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.