வந்தியத்தேவனுக்கு என்ன நிறம்?

குழு: காவிரிக்கரைக் குடும்பம்
சனிக்கிழமை

நான் (இரவு 7:40): எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த வரைபடம், லிங்க் கீழே. கல்கியின் சரித்திர நாவல் பொன்னியின் செல்வனில் நாயகன் வந்தியத்தேவன் போகும் வழி. வீராணம் ஏரி, கடம்பூர், குடந்தை, தஞ்சாவூர், பழையாறை, கோடிக்கரை. கூகுள் மை மேப்ஸில் அவர்களே பின் குத்தியது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

அண்ணி (7:44): அழகா இருக்கு 👏👏

பெரியப்பா (7:52): நன்றாக இருக்கிறதம்மா. ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. பிள்ளைகள் புத்தகத்தைப் படித்தார்களா, படம் மட்டும் செய்தார்களா? கல்கி பத்திரிகையில் மறுபடி தொடராக வந்தபோது நாங்கள் வாரா வாரம் காத்திருந்து படித்தோம். மேப் இல்லாமலே தஞ்சைக் கோட்டை கண்ணுக்குள் நின்றது.

நான் (7:58): கேட்க வேண்டிய கேள்விதான் பெரியப்பா. முதல் மூன்று வாரம் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் என்று வகுப்பில் வாய்விட்டுப் படித்தோம். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் மதுரைத் திட்டம் தளத்தில் ஐந்து பாகமும் இலவசம். வேண்டிய அத்தியாயங்களை அச்செடுத்துக் கொடுத்தேன். அப்புறம்தான் ஹைடெக் லேப்.

நான் (8:01): விதி ஒன்றே ஒன்று. கல்வெட்டிலோ செப்பேட்டிலோ ஆதாரம் இருந்தால் சிவப்புப் பின். கல்கியின் கற்பனை என்றால் மஞ்சள். எந்த வரியை வைத்துக் குத்தினோம் என்று பின்னுக்குள் எழுத வேண்டும். அந்த வரியைத் தேடியே மறுபடி மறுபடி படித்தார்கள்.

பாப்பா (8:02): அத்தை அப்போ நந்தினி மஞ்சளா??

நான் (8:03): மஞ்சள்தான் பாப்பா. பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கூட. பூங்குழலிக்கு மஞ்சள் வைக்க மனசு வராமல் ஒரு பெண் மௌஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தம்பி (8:05): வந்தியத்தேவன் என்ன நிறம் அக்கா?

நான் (8:11): அதற்கே ஒரு பீரியட் முழுக்கப் போனது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ராஜராஜனின் அக்கா குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார், அதாவது அவர் மனைவி என்று சொல்கிறது. ஆக, பெயர் கல்லில் இருக்கிறது. ஓலையை மறைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைவது, அந்தத் துடுக்கு, அந்தக் குதிரை எல்லாம் கல்கி கொடுத்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “பேருக்கு சிவப்பு, குதிரைக்கு மஞ்சள், டீச்சர்” என்றான். இரண்டு பின்னும் வைத்தோம். சரித்திர நாவல் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தம்பி (8:12): 🔥🔥

அண்ணி (8:15): தஞ்சாவூரைத் தொட்டால் பெரிய கோயில் போட்டோ இல்லையே? வெறும் வானம்தான் வருது.

நான் (8:19): முதலில் கோயிலைத்தான் வைத்தார்கள் அண்ணி. கதை நடப்பது சுந்தர சோழர் காலம், 969ஐ ஒட்டி. ராஜராஜன் கோயிலைக் கட்டி முடித்தது 1010இல். கதையில் அவர் இன்னும் இளவரசர் அருள்மொழிவர்மர். பின்னுக்குள் வருஷம் எழுதும்போதுதான் ஒரு மாணவிக்கு இடித்தது. வந்தியத்தேவன் நுழைந்த தஞ்சையில் அந்தக் கோயில் விமானமே இல்லை! போட்டோவை எடுத்துவிட்டு, பள்ளி மாடியில் நின்று வானத்தைப் படம் பிடித்து வைத்துவிட்டாள்.

தம்பி (8:22): ஏஐகிட்ட சொன்னால் அந்தக் காலத்துக் கோட்டையை வரைந்து தருமே அக்கா?

நான் (8:25): யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டேன்டா. அது வரைகிற கோட்டை சிவப்பா மஞ்சளா? எதைப் பார்த்து வரைந்தது என்று பிள்ளைகளால் எழுத முடியாது. கையால் வரைந்து, எந்த வரியிலிருந்து எடுத்தோம் என்று அடியில் எழுதி, ஸ்கேன் செய்தார்கள்.

நான் (8:31): பெரியப்பா, வீராணத்தைப் பெருக்கிப் பாருங்கள். பக்கத்திலேயே காட்டுமன்னார்கோயிலில் ஒரு சிவப்புப் பின். உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன் பெயரெல்லாம் வருகிறதே, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதுதான். ஆடிப்பெருக்குக் கூட்டமும் பாட்டுமாகக் கதை தொடங்குகிற அதே ஏரியை ஒட்டி, கொலையைச் சொல்லும் கல். எத்தனை தடவை படித்திருப்பேன்! இரண்டு பின்னும் ஒட்டி நிற்பதைப் பார்க்கும் வரை எனக்கு இது தோன்றவே இல்லை.

பெரியப்பா (8:40): எனக்கும் தோன்றியதில்லை அம்மா.

பெரியப்பா (8:52): கோடிக்கரையைத் திறந்து பார்த்தேன். கலங்கரை விளக்கத்துக்கு மஞ்சள் மட்டும் வைத்திருக்கிறார்கள். அங்கே பழைய செங்கல் கட்டடம் ஒன்று இடிந்து நின்றது. சோழர் காலத்து விளக்கம் என்பார்கள். கல்லூரி நாளில் வேதாரண்யத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய், அதன் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டிருக்கிறோம். செங்கல் நம் வீட்டுச் செங்கல் மாதிரி இருக்காது, பட்டையாக இருக்கும். 2004 சுனாமியில் பெரும்பாலும் போய்விட்டது.

நான் (8:54): பெரியப்பா, இதை அப்படியே வாய்ஸ் நோட்டாகப் பேசி அனுப்புங்கள். அந்தப் பின்னில் சேர்க்கிறேன்.

பெரியப்பா (9:10): 🎤 குரல் பதிவு 3:12

பாப்பா (9:15): முழுசா கேட்டேன் தாத்தா ❤️ அத்தை, தாத்தா பின்னுக்கு என்ன கலர்?

நான் (9:17): திங்கட்கிழமை வகுப்பில் இதைப் போட்டுக் காட்டுகிறேன். அவர்கள் சொல்லட்டும்.