நேட்டோவின் தலைக்கட்டு வரி: பாதுகாப்புச் செலவை யார் எவ்வளவு சுமப்பது?

தக்கலை முன்னாள் படைவீரர்:
அமெரிக்காவும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் உறுப்பு நாடு ஒவ்வொன்றும் தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காட்டைப் பத்தாண்டுக்குள் பாதுகாப்புக்கு ஒதுக்க முயல வேண்டும் என்று 2014-இல் வேல்ஸ் மாநாட்டில் ஒப்புக்கொண்டார்கள். அன்று அந்த அளவை எட்டியிருந்தவை அமெரிக்கா, பிரிட்டன், கிரீஸ் ஆகிய மூன்று மட்டுமே. 2024-இலும் 32 நாடுகளில் 23 மட்டுமே எட்டும் என்பது கூட்டணியின் சொந்த மதிப்பீடு. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி கொடுக்காத வீட்டுக்காரர்தான் சப்பரம் தன் வாசலில் கூடுதல் நேரம் நிற்கவில்லை என்று சண்டைக்கு வருவார். ஐரோப்பாவின் நிலையும் அதுவே. ஆகவே, 2025-இல் ஹேக் மாநாட்டில் இலக்கை 2035-க்குள் 5 விழுக்காடு என்று உயர்த்தியது நியாயம் என்பது என் வாதம்.

நாகர்கோவில் பொருளியல் ஆசிரியை:
ஐயா, தலைக்கட்டு வரி ஊர்ப் பொதுப் பெட்டிக்குப் போகிறது. இந்த 2 விழுக்காடு எந்தப் பொதுப் பெட்டிக்கும் போவதில்லை, அந்தந்த நாடு தன் படைக்கே செலவழித்துக்கொள்கிறது. தலைமையகத்துக்கும் கூட்டுக் கட்டளையகங்களுக்கும் உரிய பொதுப் பெட்டி தனியாக இருக்கிறது; அதில் பங்கு தேசிய வருமானத்தை ஒட்டி வகுக்கப்படுகிறது, 2024-இல் அமெரிக்காவும் ஜெர்மனியும் தலா 16 விழுக்காடு அளவில் ஏறத்தாழச் சமமாகவே தந்தன. ஐரோப்பா அமெரிக்காவுக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற பேச்சு இவ்விரண்டையும் குழப்புவதால் பிறப்பது.

அளவுகோலே கோணலானது என்பது என் இரண்டாவது மறுப்பு. நேட்டோவின் வரையறையில் படைவீரர்களின் ஓய்வூதியமும் பாதுகாப்புச் செலவாகவே எண்ணப்படுகிறது (தாங்கள் வாங்குவதைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம்). கிரீஸ் அதிகம் செலவிடுவதற்குப் பெரிய காரணம் துருக்கியிடம் உள்ள அச்சம். துருக்கியும் அதே கூட்டணியின் உறுப்பினர். டென்மார்க்கோ 2014-இல் 2 விழுக்காட்டைத் தொடவில்லை, ஆனால் அமெரிக்காவுக்குத் துணையாகச் சென்ற ஆப்கானிஸ்தான் போரில் 40-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. மக்கள்தொகைக்கு ஏற்ப நோக்கினால் அது கூட்டணியின் மிக உயர்ந்த இழப்புகளுள் ஒன்று. ஓர் உறுப்பினர் மீதான தாக்குதல் அனைவர் மீதான தாக்குதல் என்னும் ஐந்தாம் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறை, 2001-இல், அதுவும் அமெரிக்காவுக்காகவே கையில் எடுக்கப்பட்டது. அந்த உயிர்களை எந்த விழுக்காட்டில் எழுதுவது?

தக்கலை முன்னாள் படைவீரர்:
ஓய்வூதியம் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் தராசு சற்றுக் கோணல் என்பதற்காக நிறுக்கவே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கூட்டணியில் பாதுகாப்பு பொதுச்சொத்து ஆகிவிடுவதால் சிறியவர் பெரியவரின் முதுகில் சவாரி செய்வார் என்று 1966-லேயே ஓல்சன், செக்ஹவுசர் என்னும் இரு பொருளியலாளர்கள் விளக்கினார்கள். 1971-இல் மான்ஸ்ஃபீல்டு என்ற செனட்டர் ஐரோப்பாவிலுள்ள அமெரிக்கப் படையைப் பாதியாகக் குறைக்கத் தீர்மானம் கொண்டுவந்து தோற்றார். இது அமெரிக்க அதிபர் டிரம்ப் கிளப்பிவிட்ட புகார் அன்று. கோதையாற்றுக் கால்வாயில் தலைமடைக்காரர் தூர்வார வரமாட்டார், தண்ணீர் அவருக்கு எப்படியும் வந்துவிடும். கடைமடைக்காரர்தான் மண்வெட்டியோடு நிற்பார். 2024-இல் 4 விழுக்காட்டைத் தாண்டிய, ரஷ்யாவுக்கு அருகிலுள்ள போலந்து கடைமடை; 2 விழுக்காட்டைக்கூட எட்டாத, ரஷ்யாவிலிருந்து தொலைவிலுள்ள ஸ்பெயின் தலைமடை.

குளச்சல் வாசகர்:
அண்ணாச்சி, டீச்சர், நம் மண்ணிலேயே இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1795-இலும் 1805-இலும் திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டது. இரண்டாவதன்படி கம்பெனிப் படையின் காவலுக்காக ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. அதற்கு இசைந்தவர் நம் தலக்குளத்தில் பிறந்த தளவாய் (தலைமை அமைச்சர்) வேலுத்தம்பியே. பணம் கட்ட முடியாமல் அவர் அவகாசம் கேட்டபோது கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலே விடவில்லை. பகை முற்றிக் கிளர்ச்சியாகி, 1809-இல் அவருடைய சாவில் முடிந்தது. 1741-இல் எங்கள் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரரைத் தோற்கடித்த அரசு, எழுபது ஆண்டுக்குள் தன் காவலுக்குப் பிறர் படைக்குக் கூலி கொடுக்கும் நிலைக்கு இறங்கிவிட்டது. அதனால் காவல்காரருக்குப் பணம் கட்டு என்ற குரலை நான் எதிர்க்கிறேன். சொந்தப் படைக்குச் செலவழி என்பதை ஆதரிக்கிறேன்.

நாகர்கோவில் பொருளியல் ஆசிரியை:
கம்பெனி உடன்படிக்கையில் திருவிதாங்கூருக்கு மறுக்கும் உரிமை இல்லை. நேட்டோவில் ஒவ்வொரு முடிவுக்கும் அனைவரின் இசைவும் வேண்டும். ஆயினும் உங்கள் ஐயத்தில் ஒரு பாதி நிற்கிறது: 2020 முதல் 2024 வரை ஐரோப்பிய உறுப்பு நாடுகள் இறக்குமதி செய்த ஆயுதங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தவை. சொந்தப் படைக்கு என்று ஒதுக்கிய பணமும் சுற்றிக்கொண்டு அங்கேதான் போய்ச் சேர்கிறது.

புதிய 5 விழுக்காட்டிலும் 3.5 மட்டுமே படைக்கு உரியது. மீதி 1.5 சாலை, பாலம், இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு. அந்தக் கணக்கில் நம் மார்த்தாண்டம் மேம்பாலத்தையும் பாதுகாப்புச் செலவு என்று எழுதிவிடலாம். பணத்தை எண்ணுவதைவிடப் படையை எண்ணுவது மேல். 2018-இல் அவர்களே அப்படி ஒரு திட்டம் வகுத்தார்கள்: 30 தரைப்படை பட்டாலியன்கள், 30 விமானப் படையணிகள், 30 போர்க்கப்பல்கள், 30 நாளுக்குள் களத்துக்குத் தயார். பங்கீட்டை அந்த அலகில் வகுக்கட்டும்.

தக்கலை முன்னாள் படைவீரர்:
1.5 விழுக்காட்டைக் கைவிடுகிறேன் டீச்சர், 3.5-ஐ விடமாட்டேன். தயார் என்ற சொல்லை நீங்கள் தாளில் படிக்கிறீர்கள், நான் வண்டிக்கொட்டகையில் நின்று பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் எல்லா வண்டியும் ஓடும் நிலையில் இருக்கும். கொட்டகைக்குள் போனால் பாதி வண்டிக்கு டயர் இருக்காது. அந்த டயரை வாங்கும் பணம் எந்த நாட்டு வரவுசெலவில் இருக்கிறது என்று பார்க்கத்தான் விழுக்காடு கேட்கிறேன்.