ஈ.சி.ஆர். கடற்கரைக் கல்யாணம்: தையா, வைகாசியா, ஆவணியா?

மணல்வீடு கேட்டது:

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடலை ஒட்டின ஒரு ரிசார்ட். காலையில முகூர்த்தம், அன்னிக்கே சாயங்காலம் வரவேற்பு, ரெண்டும் வெளியிலதான். 200 பேர் வருவாங்க, அதுல நாப்பது ஐம்பது பேர் 65 வயசைத் தாண்டினவங்க. தை, வைகாசி, ஆவணி மூணுலயும் ஜோசியர் நாள் குறிச்சுக் கொடுத்திருக்கார். ஆடி, மார்கழி பேச்சே இல்ல. புரட்டாசி பெண் வீட்டுக்கு ஒத்துவராது.

என் சந்தேகம் மூணு. எந்த மாசம் மழை பயம் குறைவு? தாலி கட்டுற படத்துல பின்னால கடல் தெரியணும்னு பெண் ஆசைப்படுது, அதுக்கு எந்த மாச வெளிச்சம் சரி? ரிசார்ட்ல "டிசம்பர்தான் சீசன், குளுகுளுன்னு இருக்கும், கார்த்திகையில ஒரு நாள் பாருங்க"ன்னு சொல்றாங்க. நம்பலாமா?

---

அரைநிழல்:

மாசம் அப்புறம். முதல்ல திசையைப் பார்த்துடுங்க, பாதிப் பேர் இதுலதான் ஏமாறுறாங்க.

ஈ.சி.ஆர்.ல கடல் கிழக்கே இருக்கு. மணமக்களை உட்கார வைக்கிறதும் கிழக்கு பார்த்து. அப்போ அவங்க கடலைப் பார்க்கிறாங்க, படம் எடுக்கிறவர் கடலுக்கு முதுகு காட்டி நிக்கிறார். தாலி கட்டுற படத்துல பின்னால வரப்போறது ரிசார்ட் கட்டடம், பந்திக் கூடாரம், ஜெனரேட்டர் வண்டி. கடல் ஒரு துளிகூட வராது. சரி, மேற்கு பார்த்துத் திருப்பிடலாம்னா பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க. ஒத்துக்கிட்டாலும் எட்டு மணிச் சூரியன் மணமக்களுக்குப் பின்னாலிருந்து நேரா லென்ஸுக்குள்ள வரும். வானமும் கடலும் வெளுத்துப் போகும், இல்லன்னா முகம் கருத்துப் போகும். அதை ஈடுகட்ட 400 ஜூல் ஸ்ட்ரோப் (ஸ்டாண்டுல நிக்கிற பெரிய ஃபிளாஷ் விளக்கு) ரெண்டு வேணும். தாலி நேரத்துல சுத்தி நாப்பது பேர் அட்சதையோட நெருக்கும்போது அதை எங்க நிறுத்துறது?

நடு வழி ஒண்ணு இருக்கு. வடக்கு பார்த்து உட்காரப் பல குடும்பங்கள்ல சம்மதிப்பாங்க, புரோகிதர்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க. அப்போ கடல் மணமக்களோட வலது கைப்பக்கம் வரும். கேமரா அவங்களுக்கு வடமேற்கே நின்னு தென்கிழக்கைப் பார்த்தா முகமும் கிடைக்கும், பின்னால கடலும் கிடைக்கும்.

மாசக் கணக்கு இங்கதான் வருது. வைகாசி, ஆனியில சூரியன் நேர்கிழக்குக்குச் சுமார் 20 டிகிரி வடக்கே உதிக்கும். வடக்கு பார்த்து உட்கார்ந்தவங்களுக்கு வெளிச்சம் வலது முன்பக்கமா விழும், அருமையான பக்க வெளிச்சம். தையில 15லிருந்து 20 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். அதே மேடை, அதே கேமரா, ஆனா சூரியன் பிரேம் ஓரத்துலயே உட்கார்ந்திருக்கும். மாசிக் கடைசிக்கு வந்தா ஓரளவு விலகிடும், 85 எம்எம் லென்ஸும் ஒரு ஹூடும் (லென்ஸ் முனையில மாட்டுற வெயில் மறைப்பு) இருந்தா சமாளிக்கலாம். வெளிச்சத்தை மட்டும் பார்த்தா என் ஓட்டு வைகாசிக்கு. ஆனா வெயிலைப் பத்தி அடுத்து வர்றவங்க என்னைத் திட்டப் போறாங்க.

கடலோட படம் வேணும்னா அதைச் சாயங்காலத்துக்கு மாத்துங்க. அப்போ எல்லாமே தலைகீழ். மணமக்கள் மேற்கு பார்த்து நிப்பாங்க, முகத்துல தாழ்ந்த வெயில், பின்னால நீலக் கடல், ஃபிளாஷே தேவைப்படாது.

---

வாடைக்காற்று:

மூணாவது கேள்விக்கு முதல் பதில்: வேண்டாம்.

டிசம்பர் குளுகுளுன்னு இருக்கிறது உண்மைதான், எதனாலன்னு யோசிச்சுப் பாருங்க. இந்தக் கரைக்கு வருஷத்து மழையில பாதிக்கு மேல அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழையாகத்தான் கொட்டுது. அதிலயும் நவம்பர் உச்சம். புயல் வரிசையைப் பாருங்க: 2020 நவம்பர் 25 இரவு நிவர், புதுச்சேரிப் பக்கம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ், மாமல்லபுரத்துப் பக்கத்திலேயே கரையைக் கடந்தது. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம், கரையேறினது ஆந்திரத்துல, மூழ்கினது சென்னை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல், மறுபடி புதுச்சேரி. ஐப்பசியும் கார்த்திகையும் முகூர்த்த மாசங்கள்தான், மண்டபத்துக்குள்ள தாராளமா வைக்கலாம். மணல்ல வைக்க வேண்டாம். புயல் கரையேறாம தள்ளிப் போனாலும் அலை ஏறி வந்து கரையைத் தின்னும். நாற்காலி போட நினைச்ச மணல் ஒரே ராத்திரியில காணாமப் போயிடும்.

தையிலும் முதல் பாதியை நம்பாதீங்க. பருவமழை சில வருஷம் பொங்கல் வரை இழுக்கும். 2021ல பொங்கல் சமயத்துல டெல்டாவுல அறுவடைக்கு நின்ன நெல்லு மழையில சாஞ்சது. காணும் பொங்கல் வாரத்துல மாமல்லபுரம் கூட்டத்துல சிக்கினா உங்க விருந்தாளிங்க முகூர்த்தத்துக்கு வந்து சேர மாட்டாங்க, அது வேற.

ஆவணியில காலை நேரம் பெரும்பாலும் தெளிவா இருக்கும். தொல்லை சாயங்காலம். பகல் முழுக்க தரை சூடேறி, உள்பக்கம் இடிமேகம் எழும்பி, மேல்காத்து, அதாவது மேற்குக் காத்து, அதைக் கடல் பக்கம் தள்ளிக்கிட்டு வரும். அஞ்சு மணிக்கு மேல எப்ப வேணும்னாலும் இடியோட ஒரு மணி நேரம் அடிக்கும். சரியா உங்க வரவேற்பு நேரம். மேகம் மேற்கிலிருந்து வர்றதால கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது, தலைமேல வந்த பிறகுதான் தெரியும்.

வைகாசியில மழை குறைவுதான், ஆனா அக்னி நட்சத்திரம் மே கடைசி வாரம் வரை இருக்கு. அது முடிஞ்சாலும் ஜூன்ல மேல்காத்து பலமா இருந்தா கடல்காத்து உள்ளே நுழைய மதியம் ஒரு மணி, ரெண்டு மணி ஆகும். அதுவரை கடலோரத்துலயே 38, 40 டிகிரி. 65 வயசுக்கு மேல ஐம்பது பேர்னு எழுதியிருக்கீங்க. ஆறு மணிக்குள்ள சூரியன் வந்துடும், எட்டு மணிக்கு அது 30 டிகிரி உயரத்துல நிக்கும். 6 - 7.30 முகூர்த்தம் கிடைச்சா மட்டும் யோசிங்க. 9 - 10.30 என்றால் மூடின மண்டபம்தான்.

ஜோசியரிடம் மாசியைக் கேட்டுப் பாருங்க. தை கடைசி வாரத்துல தொடங்கி மாசி முடியற வரை, அதாவது பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும், இந்தக் கரையில வருஷத்துலயே மழை குறைஞ்ச காலம். பகல்ல 30 - 32 டிகிரி. ஆத்துத் தண்ணி கலந்து கலங்கிக் கிடந்த கடலும் அதுக்குள்ள தெளிஞ்சிருக்கும்.

---

பந்தக்கால்:

மழையை எல்லாரும் கேட்பாங்க, காத்தை யாரும் கேட்க மாட்டாங்க. தை, மாசியில காலையில சாதுவா இருக்கும், பதினொரு மணிக்கு மேல வாடையும் கடல்காத்தும் சேர்ந்து சாயங்காலம் வரை விடாது. பந்தல்காரர்கிட்ட இதையெல்லாம் எழுதி வாங்குங்க:

மணல்ல ஒன்றரை அடி முளை அடிச்சுக் கயிறு கட்டினா அரை மணி நேரத்துல பிடுங்கிக்கும். மூட்டையில மணல் நிரப்பி, நடுவுல கயிறு கட்டி, ரெண்டடி ஆழத்துல படுக்க வச்சுப் புதைக்கணும். ஒவ்வொரு காலுக்கும் ஒண்ணு. மேடைக்குப் பின்னால தட்டி மாதிரி முழுத் துணி கட்டாதீங்க, அது பாய்மரம். துணிக்கு நடுவுல இடைவெளி விடணும், இல்ல கயித்துல பூச்சரம் மட்டும் தொங்கவிடணும்.

நாற்காலிக் கால் மணல்ல இறங்கும், அதுவும் ஒரு பக்கமா. 18 எம்எம் பிளைவுட் போட்டு அதுமேல தேங்காய் நார் விரிப்பு. வாசல்லேருந்து மேடை வரை நடைபாதைக்கும் அதேதான், சக்கர நாற்காலி வரும் இல்லையா. வெறும் சிவப்புக் கம்பளம் போட்டா வயசானவங்க கால் மடங்கும்.

ஹோமத்துக்கு மூணு பக்கம் இரண்டடித் தகர மறைப்பு, திறந்த பக்கம் காத்து வர்ற திசைக்கு மறுபக்கமா. இல்லேன்னா புகை மொத்தமும் பெண்ணு கண்ணுல.

பூ: தையில மல்லி விளைச்சல் பனியில சுருங்கிடும், விலை கேட்டா மயக்கம் வரும். அலங்காரத்துக்கு சம்பங்கி, சாமந்தி. காத்துக்கும் தாங்கும். ரோஜா இதழ் தூவுறதெல்லாம் அஞ்சு நிமிஷ வாழ்க்கை. பனியைச் சொன்னதால இன்னொண்ணு: விடியக்காலை நாற்காலி உறையெல்லாம் நனைஞ்சிருக்கும். ராத்திரியே போட்டுட்டுப் போகாதீங்க, அஞ்சரை மணிக்குப் போடச் சொல்லுங்க.

வைகாசிப் பக்கம் போனா ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வரவேற்புல வஞ்சிரம் வறுவல்னு கனவு இருந்தா அதுக்கும் சேர்த்துப் பட்ஜெட் போட்டுக்குங்க.

---

தெக்கத்தியான்:

தாலியும் கடலும் ஒரே படத்துல வந்தே ஆகணும்னா கரையை மாத்துங்களேன். நான் சொல்றது கேரளத்துக் கோவளம், சென்னைக் கோவளம் இல்ல. அங்க கடல் மேற்கே. மணமக்கள் கிழக்கு பார்த்து உட்கார்ந்தா முதுகுக்குப் பின்னால கடல், முகத்துல காலை வெயில். சாஸ்திரமும் படமும் சண்டை போடாது. கரைக்குப் பின்னால மேடும் தென்னையும் இருக்கிறதால வெயில் மணலுக்கு இறங்க நேரமாகும், அதனால 7.30 - 9 முகூர்த்தம் பொருந்தும். தையும் மாசியும்தான் அங்கேயும் நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம், தென்மேற்குப் பருவமழை. மார்ச் தாண்டிட்டா காத்தே இல்லாம கடல் பொங்கி வர்ற 'கள்ளக்கடல்' உண்டு. ஐதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை) நிலையம் அதுக்கு முன்னெச்சரிக்கை கொடுக்கும்.

---

மணல்வீடு:

எல்லாருக்கும் நன்றி. கேரளம் கட்டுப்படியாகாது, சொந்தக்காரங்க பாதிப் பேர் சென்னை, செங்கல்பட்டுதான். மாசிக்கு நாள் கேட்டிருக்கோம், வடக்கு பார்த்து உட்காரவும் பெரியப்பா சரின்னுட்டார். சாயங்காலம் எத்தனை மணிக்கு என்ன எடுக்கணும்னு சொல்ல முடியுமா அரைநிழல்? வரவேற்பு 6.30க்குன்னு பத்திரிகையில போடலாம்னு இருக்கோம்.

---

அரைநிழல்:

6.30ன்னு போட்டுக்குங்க, ஆனா மணமக்கள் 4.30க்கு அலங்காரம் முடிச்சு மணல்ல இருக்கணும். பியூட்டிஷியன்கிட்ட 4 மணின்னு பொய் சொல்லுங்க.

மாசியில சூரியன் மறையற நேரம் 6.15லிருந்து 6.20. அது பஞ்சாங்கத்துக்கு. உங்க மணல்ல சவுக்குத் தோப்பும் கட்டடமும் வெயிலை அரை மணி நேரம் முன்னாடியே மறைச்சிடும். நம்ம ஊர்ல சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா இறங்குறதால 'கோல்டன் ஹவர்'னு (மறைவுக்கு முந்தின பொன் வெளிச்ச நேரம்) பேர்தான் ஹவர், கடைசி 6 டிகிரியை 25 நிமிஷத்துல கடந்துடும். அதனால 4.45 - 5.15 குடும்பப் படங்கள். 5.15லிருந்து நிழல் வந்து தொடுற வரைக்கும் ஜோடி மட்டும், கடல் பின்னால. நிழல் விழுந்ததும் கேமராவை உள்ளே வைக்காதீங்க. மறைவுக்கு அப்புறம் ஒரு பத்து நிமிஷம் கிழக்கு வானத்துல, கடலுக்கு மேல ரோஸ் பட்டையும் அதுக்குக் கீழ சாம்பல் நீலமும் நிக்கும். பட்டுப்புடவைக்கு அதைவிட நல்ல பின்னணி எந்த ஸ்டூடியோவிலயும் கிடையாது.

ஒரு கொசுறு. ஜோசியர் கொடுக்கிற நாள் பௌர்ணமிக்கு முந்தின நாளா அமைஞ்சா விடாதீங்க. அன்னிக்கு நிலா சூரியன் மறையறதுக்கு முக்கால் மணி முன்னாடி கடல்லேருந்து எழும், வானத்துல இன்னும் வெளிச்சம் இருக்கும், ரெண்டும் ஒரே எக்ஸ்போஷர்ல (கேமராவுக்குள்ள விடுற வெளிச்ச அளவு) அடங்கும். மறுநாளுக்கு மறுநாள்னா இருட்டின பிறகுதான் வரும், வெள்ளைப் பொட்டா வெந்து போகும். 200 எம்எம் போட்டு இருபது மீட்டர் தள்ளி நின்னா நிலா ஆள் உயரத்துல பத்துல ஒரு பங்கு தெரியும். 35 எம்எம்ல எடுத்தா கடுகுதான்.

கேமராவை ஏசி அறையிலேருந்து நேரா மணலுக்குக் கொண்டுவந்தா லென்ஸ் வேர்க்கும். மாசியில கம்மி, வைகாசியில கட்டாயம். பையை மூடினபடியே அரை மணி நேரம் வெளியில வச்சுட்டு அப்புறம் திறக்கச் சொல்லுங்க. மணல்ல நின்னு லென்ஸ் மாத்தவே கூடாது, ரெண்டு கேமரா கொண்டுவரச் சொல்லுங்க.

---

ஆமைநடை:

யாரும் சொல்லாத ஒண்ணு. நீங்க பிடிச்சிருக்கிற மாசி மாசம், 'பங்குனி ஆமை'ன்னு சொல்ற ஆலிவ் ரிட்லி கடலாமைகள் முட்டையிட இதே கரைக்கு ஏறி வர்ற காலம். ஜனவரியில தொடங்கி ஏப்ரல் வரை. மாசிக்குள்ள குஞ்சுகளும் வெளிவர ஆரம்பிக்கும், வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும். கடல் பக்கம்னு நினைச்சு உங்க எல்ஈடி சுவரைப் பார்த்து வரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கிற உயிர். அதனால மேடை விளக்கெல்லாம் கரைப்பக்கம் பார்த்து, கடலை நோக்கி ஹாலஜன் ஒண்ணுகூட இல்லாம. பத்து மணிக்கு மணல் பக்க விளக்கு அணையணும். வாணவேடிக்கை வேண்டவே வேண்டாம். இந்த நேரக் கணக்கை டிஜேகாரர் ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க, வாய்வார்த்தை நிக்காது.

டிரோன் வேணும்னா முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி அரசோட 'டிஜிட்டல் ஸ்கை' டிரோன் பறக்கும் பகுதி வரைபடத்துல உங்க ரிசார்ட் எந்த நிறத்துல விழுதுன்னு பாருங்க. தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம், வடமேற்கே தாம்பரம் விமானப்படைத் தளம். கடற்கரைக் கோயில்ல ஜோடிப் படம்னா அது இந்தியத் தொல்லியல் துறை இடம், முன் அனுமதி இல்லாம டிரைபாடைப் பிரிச்சா வாசல்லயே நிறுத்துவாங்க.

---

மணல்வீடு:

ஜோசியர் மாசியில ரெண்டு நாள் கொடுத்திருக்கார், ரெண்டும் 7.30 - 9. ஒண்ணு பௌர்ணமிக்கு முந்தின நாள், ஆனா செவ்வாய்க்கிழமை!

---

பந்தக்கால்:

செவ்வாய்ல பெரியவங்க யாரும் தாலி கட்ட விட மாட்டாங்க. நிலாவை விட்டுட்டு இன்னொரு நாளை இன்னிக்கே எழுதி வாங்குங்க. மாசிக்கு நல்ல பந்தல்காரர் ஆறு மாசத்துக்கு முன்னாடியே போயிடுவார்.