கிடை ஆட்டுக்குப் பார்டர் கோலி சரிப்படுமா? அதன் பூர்வீகம் என்ன?

மானூர் ஆட்டுக்காரர்:
எண்பது செம்மறி வைத்திருக்கிறேன். வயல் காலியானதும் கிடை போடுவோம், அதாவது ஆடுகளை இரவில் வயலிலேயே அடைத்து வைப்போம். கோயம்புத்தூரில் படிக்கும் மகன், கறுப்பு வெள்ளை நாய் ஒன்று தனியாக மந்தையை மறித்துக் கொண்டுவரும் காட்சியைக் கைபேசியில் காட்டினான். பார்டர் கோலியாம், வாங்கியே ஆக வேண்டுமாம். அது எந்த ஊர் நாய்? அந்த வித்தை அதற்கு எப்படி வந்தது? தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை வாசகர்:
அடர்ந்த முடி அண்ணாச்சி. சித்திரை வெயில் தாங்காது.

கங்கைகொண்டான் கிடைவீட்டுப் பிள்ளை:
வெயில் இருக்கட்டும். அந்த நாயின் வேலையே வேறு.

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே உள்ள எல்லை மலைகள்தான் அதன் பிறப்பிடம். பார்டர் என்றால் எல்லை. அங்கே ஓநாய் அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. அதனால் ஆடுகளை மலையில் காவலின்றி மேயவிடுவார்கள். சிதறிக் கிடப்பதை ஒரே ஆள் திரட்ட வேண்டும். அதற்குத்தான் நாய். 1893இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் ஹெம்ப் என்ற நாய் பிறந்தது. குரைக்காது, கடிக்காது. பதுங்கி நின்று உற்றுப் பார்க்கும், ஆடு தானே திரும்பும். இரையை நெருங்கும் ஓநாயின் அதே பார்வைதான். கடிக்கும் குணத்தை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் குறைத்துவிட்டார்கள். எனக்கு இதை நினைத்தாலே மெய்சிலிர்க்கும். ஹெம்ப் 1901இல் இறந்தது. இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதையாக அதைத்தான் சொல்கிறார்கள். பெயர் வந்தது பிறகுதான், 1915இல்.

நம் ஆடு மனிதன் பின்னால் நடக்கிற ஆடு. 'ப்ப்ரூ' என்று ஒரு குரல் கொடுத்தால் திரும்பிவிடும். நமக்குப் பயம் இரவில்தான்: நரி, திருடன். எங்கள் அப்பாவின் செவலை நாய் ஒருநாளும் ஆட்டை மறித்ததில்லை. படலுக்கு வெளியே, காற்று வரும் பக்கமாகப் பார்த்துப் படுத்திருக்கும். அது குரைத்தால்தான் அப்பா கம்பை எடுப்பார், வெறுமனே ஒருநாளும் குரைத்ததில்லை. கோலியைக் கொண்டுவந்து எண்பது ஆட்டோடு கட்டிப்போட்டால், வேலையில்லாமல் அது தவித்துப்போகும். அந்தப் பாவம் வேண்டாம்.

மானூர் ஆட்டுக்காரர்:
மகனுக்கு வாசித்துக் காட்டினேன். ஹெம்பின் கதையை மறுபடியும் வாசிக்கச் சொன்னான். நாட்டு நாய்க்குட்டி என்றால் எப்போது பிரித்துக் கொண்டுவரலாம்?

கங்கைகொண்டான் கிடைவீட்டுப் பிள்ளை:
இரண்டு மாதம் தாயோடு விடுங்கள். வந்த அன்றே வீட்டுத் திண்ணையில் போடாமல் ஆட்டுக்குட்டிகளோடு படுக்க வையுங்கள். அந்த வாசத்தில் வளர்ந்தால்தான் மந்தையைத் தன் கூட்டமாக நினைக்கும்.