ஆட்டுக்குட்டிக்கு அல்பாக்கா காவல்: உண்மையில் பயன் உண்டா?

டெவன் செல்வி | ஏப்ரல் 12, காலை 7:10

போன வாரம் இங்கே ஒருவர், "ஆட்டுக்கு அல்பாக்கா காவல் என்பது விற்பவர்கள் கட்டிவிட்ட கதை" என்று எழுதியிருந்தார். அல்பாக்கா என்பது ஒட்டக இனத்தைச் சேர்ந்த, கம்பளி தரும் விலங்கு. அவர் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில், டெவனில் எங்களுக்கு ஆறு ஏக்கர் நிலம். டார்ட்மூர் கிரேஃபேஸ் என்ற செம்மறி இனத்தில் 16 தாய் ஆடுகள். நவம்பர் 5 அன்று கிடாவைச் சேர்த்தோம். செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள், அதாவது ஏப்ரல் 1. இந்த ஊர்ப் பழைய ஆட்டுக்காரர்களின் கணக்கும் அதுதான்: வாணவேடிக்கை இரவில் கிடா, முட்டாள்கள் தினத்தில் குட்டி. இதுவரை 11 ஆடுகள் ஈன்று 19 குட்டிகள் நிற்கின்றன.

சென்ற வசந்தத்தில் மூன்று குட்டிகளை நரிக்குக் கொடுத்தேன். இலையுதிர்காலத்தில் காயடித்த ஆண் அல்பாக்கா இரண்டை வாங்கி ஆடுகளோடு விட்டேன். குளிர்காலம் முழுக்க சேர்ந்தே மேய்ந்து பழகிவிட்டன. முந்தாநாள் அந்தியில், பிரிம்ரோஸ் பூத்திருக்கும் வேலிக்கரை ஓரமாக ஒரு நரி வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கழுத்தைத் தூக்கின. கீச்சென்று ஓர் எச்சரிக்கைக் குரல் கொடுத்துவிட்டு, நேராக நரியை நோக்கி நடந்தன. நரி வந்த வழியே திரும்பிவிட்டது. என் கண்ணால் பார்த்தது இது. இந்த ஆண்டு ஒரு குட்டிகூடப் போகவில்லை. சிறு நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்வேன்: இரண்டு அல்பாக்கா வாங்குங்கள்.

கிடைவீட்டுப் பிள்ளை | ஏப்ரல் 12, காலை 9:25

அக்கா, அதை எழுதியவன் நான்தான். உங்களை நோகடிக்க எழுதவில்லை.

எங்கள் குடும்பம் ராமநாதபுரத்துக் கீதாரிக் குடும்பம், அதாவது கிடை போட்டு ஆடு மேய்ப்பவர்கள். இப்போது வேல்ஸில் போவிஸ் பக்கம் ஒரு மலைப் பண்ணையில் வேலை செய்கிறேன். இது எனக்கு ஆறாவது ஈற்றுப் பருவம். நரி தூக்கியது என்று கேள்விப்படும்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: அது தூக்கும்போது குட்டி உயிரோடு இருந்ததா?

குட்டிச் சாவு அதிகமாக நடப்பது பிறந்த முதல் 48 மணி நேரத்தில். காரணம் பசியும் குளிரும். ஏப்ரல் மழையில் நனைந்து, சீம்பால் குடிக்காமல், விடியும் முன்பே விறைத்துப் போகும். காலையில் நாம் போகும்போது பாதி உடம்புதான் இருக்கும், பழி நரி மேல் விழும். நான்கு கிலோ குட்டிக்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் 200 மில்லியாவது சீம்பால் உள்ளே போக வேண்டும். அதை அல்பாக்கா ஊட்டாது.

எங்கள் ஊரில் இரவில் கிடைக்கு ஆள் காவல் உண்டு, நாய் காவல் உண்டு. இளங்குட்டிகளைக் கூடைக்குள் கவிழ்த்து வைப்பார்கள். ஆனால் எந்தக் கீதாரியும் காவல் இருக்கிறதே என்று தூங்கிவிட மாட்டார். அல்பாக்கா வாங்கியவர்கள் தூங்கிவிடுகிறார்கள், என் பயம் அதுதான்.

கும்ப்ரியா பாலன் | ஏப்ரல் 12, பகல் 12:40

எங்கள் பக்கம் நரியைவிடத் தொல்லை அண்டங்காக்கை. குட்டி பாதி வெளியே வந்திருக்கும்போதே கண்ணையும் நாக்கையும் கொத்திவிடும். மேலிருந்து வருவதற்கு அல்பாக்கா என்ன செய்யும்? செல்வி அவர்கள் சொல்வதை நம்புகிறேன், ஆனால் எல்லோரும் வாங்குங்கள் என்பதை ஏற்க முடியவில்லை.

டெவன் செல்வி | ஏப்ரல் 12, மாலை 6:05

தம்பி, நான் தூங்கவில்லை. இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் போய்ப் பார்க்கிறேன்.

நரியை அவ்வளவு எளிதாக விடவும் முடியாது. மார்ச் மாதத்தில்தான் பெண்நரி குட்டி போடுகிறது. நம் ஆடுகள் ஈனும் அதே வாரங்களில் அதற்கும் பால் கொடுக்கும் பசி. செத்ததை மட்டும் தேடிப் போகும் என்று எப்படிச் சொல்வது? இரட்டைக் குட்டியில் ஒன்றைத் தாய் நக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று நான்கு அடி தள்ளித் தனியே கிடக்கும். ஒரு நிமிடம் போதும்.

சாமர்செட் கால்நடை மருத்துவர் | ஏப்ரல் 12, இரவு 9:50

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே தொடாத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை: மாட்டுக் காசநோய்.

டெவன், சாமர்செட், க்ளாஸ்டர்ஷயர் எல்லாம் இந்நோய் அதிகம் உள்ள பகுதிகள். வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற காட்டு விலங்கிடமும் இருக்கிறது. அல்பாக்காவுக்கு இது எளிதில் தொற்றும். உடம்புக்குள் நோய் முற்றியிருந்தாலும் வெளியே நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும், ஒரு நாள் திடீரென்று விழும். மாடுகளுக்கு இருப்பதுபோல் கட்டாயமான வழக்கமான பரிசோதனை இவற்றுக்கு இல்லை. தோல் பரிசோதனையோ நோயுள்ள அல்பாக்காக்களில் பலவற்றைத் தவறவிட்டுவிடும், இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். க்ளாஸ்டர்ஷயரில் ஜெரோனிமோ என்ற அல்பாக்காவை 2021 ஆகஸ்ட்டில் அரசு கொன்றது பலருக்கு நினைவிருக்கும். அது 2017இல் நியூசிலாந்திலிருந்து வந்தது. வந்த பிறகு இரண்டு பரிசோதனைகளில் நோய் உண்டு என்று முடிவு வந்தது. வளர்த்தவர் அதை ஏற்காமல் நான்கு ஆண்டு வழக்காடினார். அந்த வேதனை எந்த வீட்டுக்கும் வரக் கூடாது.

ஆகவே செல்வி, வாங்கும்போது பரிசோதனைச் சான்று பார்த்தீர்களா? பக்கத்து நிலத்தில் மாடு இருக்கிறதா?

இன்னும் சில. காயடிக்காத ஆண் அல்பாக்கா பெண் ஆட்டின் மேல் ஏறி நசுக்கிவிடும், நீங்கள் காயடித்ததை வாங்கியது சரி. அல்பாக்கா தீவனத்தில் செம்மறிக்கு ஆகாத அளவு தாமிரம் இருக்கலாம். செம்மறி அதைத் தொடர்ந்து தின்றால் ஈரலில் சேர்ந்து ஒரு நாள் கொன்றுவிடும். தொட்டிகளைத் தனியாக வையுங்கள். இங்கே குளிர்காலத்து வெயில் அவற்றுக்குப் போதாது, வைட்டமின் டி ஊசி போட்டீர்களா என்று பாருங்கள். அப்புறம், அவை ஆண்டிஸ் மலைக் கூட்டத்து விலங்குகள். காவலுக்கென்று ஒன்றை மட்டும் தனியாக நிறுத்துவது கொடுமை. இரண்டு என்பதே குறைவு, மூன்று இருந்தால் நல்லது.

குட்டி நரியால் செத்ததா என்று கண்டுபிடிக்க வழி உண்டு. கடித்த இடத்தில் தோலை உரித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது கடித்திருந்தால் தோலுக்கடியில் இரத்தம் கட்டியிருக்கும், செத்த பிறகு கடித்திருந்தால் இருக்காது. குளம்பைப் பாருங்கள். பிறக்கும்போது குளம்பு நுனியில் மெத்தென்ற உறை இருக்கும், நடந்த குட்டிக்கு அது தேய்ந்துபோகும். வயிற்றில் பால் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டெவன் செல்வி | ஏப்ரல் 13, காலை 6:30

மருத்துவர் ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் போன ஆண்டுக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மறைக்காமல் சொல்கிறேன்.

மூன்றில் இரண்டு, ஒரே ஆடு ஈன்ற மும்மைக் குட்டிகளைச் சேர்ந்தவை. "இரவு மழை, வயிறு ஒட்டியிருந்தது, காலையில் பாதி உடம்பு" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நரி என்று எழுதியதும் நான்தான். இப்போது படிக்கும்போது அவை பசியிலும் குளிரிலும் போயிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. நெஞ்சு வலிக்கிறது.

மூன்றாவது அப்படி இல்லை. நான்கு நாள் ஆன ஒற்றைக்குட்டி, துள்ளி ஓடிய குட்டி. கழுத்தில் கடி, சுற்றிலும் இரத்தம். படம் வைத்திருக்கிறேன். அது நரிதான்.

காசநோய்ச் சான்று கேட்கவில்லை. விற்றவரும் சொல்லவில்லை. பக்கத்து வேலிக்கு அந்தப் பக்கம் பால்மாடுகள் இருக்கின்றன.

கிடைவீட்டுப் பிள்ளை | ஏப்ரல் 13, காலை 8:15

அக்கா, குறிப்பேட்டைத் திறந்து இப்படிச் சொல்ல எத்தனை பேர் வருவார்கள்? அந்த நான்கு நாள் குட்டியை நரி கொன்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன். "கட்டிவிட்ட கதை" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் அடிப்படையில் என் கருத்து மாறவில்லை. அந்த இரண்டு குட்டிகளைக் காப்பாற்றக் காவல் விலங்கு தேவைப்படவில்லை. 11க்கும் 5க்கும் நடுவே இன்னொரு தடவை போயிருக்க வேண்டும், கையில் வெப்பமானியும், வயிற்றுக்குள் பால் செலுத்தும் குழாயும் இருந்திருக்க வேண்டும். குட்டியின் இயல்பான சூடு 39 முதல் 40 டிகிரி. 37க்குக் கீழே இறங்கி, பிறந்து ஐந்து மணி நேரமும் தாண்டியிருந்தால் உடனே விளக்கடியில் போடாதீர்கள். உடம்பில் சர்க்கரை தீர்ந்திருக்கும், அந்த நிலையில் சூடாக்கினால் வலிப்பு வந்து செத்துவிடும். முதலில் வயிற்றறைக்குள் குளுக்கோஸ் ஊசி, பிறகுதான் சூடு. ஊசி போடும் முறையை உங்கள் கால்நடை மருத்துவரிடம் ஒரு தடவை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். நரிக்கு, ஈனும் வயலைச் சுற்றி மின்சார வலை வேலி போடலாம். அதற்குக் காசநோயும் வராது.

சாமர்செட் கால்நடை மருத்துவர் | ஏப்ரல் 13, பகல் 1:20

வலை வேலிக்கு ஒரு எச்சரிக்கை: கொம்புள்ள ஆடும் சின்னக் குட்டியும் சிக்கிக்கொள்ளும். முதல் சில நாட்கள் அடிக்கடி போய்ப் பாருங்கள்.

டெவன் செல்வி | ஏப்ரல் 13, இரவு 8:45

அல்பாக்காக்களை அனுப்ப மாட்டேன். அந்தியில் அவை இரண்டும் நடந்து போனதைப் பார்த்தவள் நான். ஆனால் எல்லோரும் வாங்குங்கள் என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். மாட்டுப் பண்ணை ஓரம் இருப்பவர்கள், சான்று இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். இரத்தப் பரிசோதனைக்கு அரசு அனுமதி கேட்க எங்கள் மருத்துவரிடம் இன்று பேசிவிட்டேன். முடிவு வரும்வரை பால்மாட்டு வேலியிலிருந்து தள்ளி, மேட்டு வயலில் ஆடுகளோடு நிற்கும். வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஐந்து ஆடுகள் ஈன வேண்டும். இன்றிரவு மழை என்கிறார்கள். தம்பி, இரண்டு மணிக்கும் அலாரம் வைத்திருக்கிறேன்.