வாத்துத் திருடனும் நிலத் திருடனும்: பழைய ஆங்கிலப் பாட்டுக்கு எப்படி விளக்கம் எழுதுவது?

எம்.ஏ. மாணவி, மதுரை:
ஊர்ப் பொது நிலத்தில் மேய்ந்த வாத்தைத் திருடியவரைச் சட்டம் சிறையில் போடுகிறது, வாத்திடமிருந்து அந்த நிலத்தையே திருடிய பெரிய திருடனை விட்டுவிடுகிறது என்று ஒரு பாட்டு. எழுதியவர் பெயர் தெரியாது. 'சின்னத் திருடன் மாட்டுவான், பெரிய திருடன் தப்புவான்' என்று எழுதினால் போதுமா? நம்ம ஊர் உதாரணமாகக் கண்மாய் ஆக்கிரமிப்பைச் சொல்லலாமா?

மேலூர்க்காரன்:
போதாதும்மா. அந்தப் பெரிய திருடன் சட்டத்துக்குத் தப்பி ஓடவில்லை, சட்டம் போட்டே எடுத்தான். 1604 முதல் 1914 வரை இங்கிலாந்து நாடாளுமன்றம் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை, அதாவது ஊர்ப் பொது நிலத்தை வேலி போட்டுத் தனியார் பங்காகப் பிரிக்கும் சட்டங்களை, நிறைவேற்றியது. சுமார் 68 லட்சம் ஏக்கர் அதில் அடைபட்டது.

நடைமுறையைச் சொன்னால்தான் பாட்டின் கோபம் புரியும். பெரிய நிலக்காரர்கள் மனுப் போடுவார்கள். சம்மதத்தைத் தலையை எண்ணிப் பார்ப்பதில்லை, நிலத்தின் மதிப்பை வைத்துப் பார்ப்பார்கள். அதனால் நாலைந்து பேர் சேர்ந்தாலே ஊர் முழுக்கச் சம்மதித்த கணக்கு. சட்டம் நிறைவேறியதும் ஆணையர்கள் வந்து அளந்து, பங்கு பிரித்து, வரைபடத்தோடு தீர்ப்பு எழுதுவார்கள். பத்திரம் இல்லாமல் வழக்கத்தில் மட்டும் மேய்த்துவந்த குடிசைக்காரருக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. துண்டு நிலம் கிடைத்தவரும் வேலிச் செலவையும் அளவைச் செலவில் தன் பங்கையும் கட்ட முடியாமல் விற்றுவிடுவார்.

இன்னொன்று. அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் அல்ல. பெரும்பாலும் பண்ணைப் பிரபுவின் பெயரில் இருந்தது. ஊராருக்கு இருந்தது மேய்க்கவும் சுள்ளி பொறுக்கவும் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டவுமான அனுபவ பாத்தியதை, அதாவது வழக்கமாகப் பயன்படுத்தி வந்த உரிமை. திருடு போனது அந்தப் பாத்தியதைதான். புல் தின்றே வளரும் வாத்து, காணி இல்லாத வீட்டுக்கு முட்டை, கறி, இறகு எல்லாம் தரும். தரை போனால் அத்தனையும் போச்சு.

நில அளவை, திருமங்கலம்:
கண்மாய் ஆக்கிரமிப்பு சரியான உதாரணம் இல்லைங்க. அது 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படியே குற்றம். நோட்டீஸ் கொடுத்து அகற்ற வழி இருக்கிறது. பாட்டுக்கு நெருக்கமானது வகைப்பாடு மாற்றம். மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊர் மாடு மேய விட்ட அரசு நிலம், என்று இருந்ததை உத்தரவு போட்டு வேறு வகைக்கு மாற்றி, பிறகு ஒருவருக்கு ஒப்படை செய்வது, அதாவது அவர் பெயருக்கு ஒதுக்கிக் கொடுப்பது. அதில் யாரும் சட்டத்தை மீறவில்லை, ஆனால் கிடை மாட்டுக்காரருக்கு மேய்க்க இடமில்லை.

சொந்த ஊரிலேயே பார்க்கலாம். ஊரின் நிலங்களைப் புல எண்வாரியாகக் காட்டும் இப்போதைய 'அ' பதிவேட்டில் மேய்ச்சல் நிலத்தின் புல எண்ணுக்கு உள்ள வகைப்பாட்டையும் பரப்பையும் குறித்துக்கொண்டு, யுடிஆர் என்ற நிலப் பதிவுப் புதுப்பிப்புத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பழையது ஏக்கர்-சென்ட், புதியது ஹெக்டேர்-ஏர். 12 ஏக்கர் 4.86 ஹெக்டேராக நிற்கும், நிலம் சுருங்கிவிட்டதென்று எழுதிவிட வேண்டாம். புல எண்ணும் மாறியிருக்கலாம், பழைய எண் கலத்தைப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

எம்.ஏ. மாணவி, மதுரை:
நன்றிங்க. நீண்ட வடிவத்தில் வரும் அடுத்த அடிகளையும் சேர்க்கலாமா?

மேலூர்க்காரன்:
சேருங்கள். சட்டத்தை மீறச் சதி செய்யும் ஏழை தப்புவதில்லை, சட்டத்தை இயற்றச் சதி செய்பவரை ஊர் பொறுத்துக்கொள்கிறது என்று அதில் வருகிறது. உங்கள் விளக்கத்துக்கு அந்த அடிதான் சாட்சி. ஆனால் பாட்டுக்குப் பல வடிவங்கள் உண்டு, எந்த வடிவத்திலிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிடுங்கள்.